கப்பலில் காலை உணவு: ஆறு பேர் கொண்ட குடும்பம் எங்கே, எப்போது சாப்பிடுவது?

வாசகர் கேள்வி: நாங்கள் கோவையில் வசிக்கிறோம். அரையாண்டு விடுமுறையில் நானும் கணவரும், ஏழு வயது மகன், இரண்டரை வயது மகள், மாமனார், மாமியார் ஆகியோருடன் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ராயல் கரீபியன் நிறுவனத்தின் குவாண்டம் வகைக் கப்பலில் நான்கு இரவுப் பயணத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். இரண்டாம் நாள் பிற்பகல் பினாங்கு, மூன்றாம் நாள் காலை புக்கெட், நான்காம் நாள் முழுவதும் கடல், ஐந்தாம் நாள் காலை மீண்டும் சிங்கப்பூர் என்று அட்டவணை தந்திருக்கிறார்கள். முதல் நாள் இரவு விமானத்தில் சிங்கப்பூர் வந்திறங்கி மறுநாள் கப்பலேறுகிறோம். காலை உணவுக்கு எங்கே போவது, அறைக்கே கொண்டுவந்து தருவார்களா? மாமனாருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மாத்திரை போட்டு அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். மாமியார் முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். மகள் இட்லி, தயிர்ச்சாதம் தவிர வேறெதையும் எளிதில் உண்பதில்லை. அவளுக்காகச் சிறிய எலக்ட்ரிக் குக்கர் எடுத்துச் செல்லலாமா? இரவு உணவுக்கு ஐந்தரை மணிப் பந்தியா, எட்டு மணிப் பந்தியா என்று கேட்கிறார்கள். எதைச் சொல்வது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். தாங்கள் கடைசியாகக் கேட்டிருக்கும் கேள்வியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ளப் போகிறேன். அதற்கு விடை கிடைத்துவிட்டால் மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். பயணிகள் கப்பல்களின் உணவுக்கூடங்களில் பதினொரு ஆண்டுகள், முதலில் பரிமாறுபவனாகவும் பிறகு ஹெட் வெயிட்டராகவும் வேலை பார்த்துவிட்டு, இப்போது சென்னையில் கப்பல் பயணங்களுக்கு ஆலோசனை சொல்லிவருகிறேன். நம் ஊர்க் குடும்பங்கள் கப்பலில் படும் சாப்பாட்டுச் சிரமங்களில் பெரும்பகுதி உணவு கிடைக்காததால் வருவதில்லை, கடிகாரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாததால் வருகிறது என்பதை அந்தப் பதினொரு ஆண்டுகளும் எனக்குக் காட்டின.

சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. வீட்டில் காலை ஆறரைக்கு எழும் தங்கள் மகன், அதே பழக்கத்தில் கப்பலில் கண் விழிக்கும்போது அங்கே மணி ஒன்பது. மேசையில் அமர்த்திப் பரிமாறும் பெரிய உணவுக்கூடத்தில் காலை உணவு ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் முடிந்துவிடுவது வழக்கம். அதாவது, குழந்தைகள் இயல்பாக எழுந்து பல் துலக்கி முகம் கழுவும் நேரத்தில் அங்கே மேசை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருப்பார்கள். இதை அறியாத குடும்பங்கள் முதல் நாளே அவசர அவசரமாகக் குழந்தைகளை எழுப்பி, தூக்கக் கலக்கத்தோடு அழைத்துவந்து, தட்டின் முன்னால் உட்காரவைத்து, அவர்கள் ஒரு வாயும் உண்ணாததைக் கண்டு, 'கப்பல் சாப்பாடு பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை' என்று முடிவு கட்டிவிடுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்குச் சாப்பாடு பிடிக்காமல் இல்லை, அவர்களுக்குப் பசியெடுக்கும் நேரம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

இரவுப் பந்திக்கும் இதே கணக்குதான். சிறு குழந்தைகள் உள்ள குடும்பம் என்றால் ஐந்தரை மணிப் பந்தியைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் பொதுவாக எல்லோரும் சொல்வார்கள். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ உள்ளூர்த் துறைமுகத்தில் ஏறும் குடும்பங்களுக்கு அது சரியான ஆலோசனை. தாங்களோ முதல் நாள் இரவு விமானத்தில் வந்திறங்கி மறுநாள் கப்பலேறப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். சிங்கப்பூரின் ஐந்தரை மணி என்பது தங்கள் பிள்ளைகளின் உடம்புக்குப் பிற்பகல் மூன்று மணி; மதியச் சாப்பாடே செரித்திருக்காது. எட்டு மணிப் பந்தியோ அவர்களுக்கு மாலை ஐந்தரை. ஒன்பதரைக்குச் சாப்பிட்டு எழும்போது வீட்டுக் கணக்கில் ஏழு மணிதான் ஆகியிருக்கும். மாமனாரும் வீட்டில் எட்டு மணியளவில் இரவு உணவு கொள்பவராக இருந்தால், இந்தப் பந்திதான் அவருடைய நேரத்துக்கும் நெருக்கமானது. ஆகவே தயங்காமல் எட்டு மணிப் பந்தியையே கேளுங்கள். ஒருவேளை பயணத் திட்டத்தை மாற்றி, மூன்று நான்கு நாள் சிங்கப்பூரில் தங்கியபின் கப்பலேறுவதாக இருந்தால், உடம்பு அந்த ஊர் நேரத்துக்குப் பழகியிருக்கும்; அப்போது முதல் பந்தியே நல்லது.

நினைத்த நேரத்துக்குச் சென்று சாப்பிடும் 'மை டைம்' என்ற மூன்றாவது ஏற்பாடும் உண்டு. தங்கள் குடும்பத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆறு பேருக்கு ஒரே மேசை காலியாகும்வரை வாசலில் நிற்க நேரலாம் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், நேரம் குறித்த பந்தியில் நான்கு இரவும் அதே மேசை, அதே பரிமாறுபவர் அமைவார்கள் என்பது. முதல் இரவில் மாமியார் எதை ஒதுக்கினார், குழந்தை எதைக் கேட்டு அழுதது என்பதையெல்லாம் கவனித்த மனிதர்தான் இரண்டாம் இரவும் வந்து நிற்பார். தாங்கள் வாய் திறக்கும் முன்பே குழந்தைக்கான உயர நாற்காலியை, அதாவது ஹை சேரை, இழுத்துப் போட்டிருப்பார். புதுப்புது ஆளிடம் ஒவ்வொரு வேளையும் முதலிலிருந்து விளக்கும் பாடு, சைவக் குடும்பங்களைப் பயணத்தில் எவ்வளவு சோர்வடையச் செய்யும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

இனிக் காலை உணவு. கட்டணத்தில் அடங்கியதாக மூன்று வழிகள் இருக்கின்றன. குவாண்டம் வகைக் கப்பல்களில் பதினான்காம் தளத்தில் இருக்கும் 'விண்ட்ஜாமர்' என்ற பஃபே கூடம் ஒன்று; கீழ்த்தளங்களில் இருக்கும் பெரிய உணவுக்கூடம் இன்னொன்று; அறைக்கே கொண்டுவந்து தரும் எளிய காலை உணவு மூன்றாவது. எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. தங்கள் அட்டவணையின் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொன்று பொருந்துகிறது.

இரண்டாம் நாள் கப்பல் பிற்பகலில்தான் பினாங்கை அடைகிறது. அன்று காலை எந்த அவசரமும் இல்லை. குழந்தைகளை எழுப்பாதீர்கள், தாமாக எழட்டும். பஃபே பெரும்பாலும் பத்தரை, பதினொரு மணிவரை திறந்திருக்கும். ஓர் அறைக்கு இருவர் என்று கணக்கிட்டாலே நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் பயணம் செய்யும் கப்பல் அது. விடுமுறைக் காலத்தில் குழந்தைகளும் சேர்ந்து எண்ணிக்கை இன்னும் கூடும். எட்டு மணிக்கும் ஒன்பதரைக்கும் இடையில் அங்கே ஆறு பேருக்கு ஒரே மேசை கிடைப்பது அரிது. ஒன்பதரை மணியைத் தாண்டினால் கூட்டம் கலையத் தொடங்கும், ஜன்னலோர மேசைகளும் காலியாகும். இந்த இடத்தில் நம் கடிகாரம் நமக்குச் சாதகமாகிறது. வீட்டுக் கணக்கில் ஏழு மணிக்குச் சாப்பிடுகிறோம் என்ற நினைப்பில் ஒன்பதரைக்குப் போனால், எல்லோருக்கும் பசியும் இருக்கும், உட்கார இடமும் இருக்கும்.

வாசலில் கை கழுவும் தொட்டிகள் வரிசையாக இருக்கும். குழந்தைகளைக் கட்டாயம் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவச் செய்யுங்கள். கையில் தடவும் சானிடைசர் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கப்பல்களில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸை ஆல்கஹால் கலந்த சானிடைசர் சரிவரக் கட்டுப்படுத்துவதில்லை, சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் அதற்குத் தக்க காப்பு. பரிமாறும் கரண்டியைப் பிடித்த கையாலேயே ரொட்டியைப் பிய்த்து உண்பது பெரியவர்களிடமும் உள்ள பழக்கம். உணவை எடுத்துவந்து வைத்தபின் கையை இன்னொரு முறை துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாமனாரையும் மாமியாரையும் தட்டேந்தி வரிசையில் நிற்க விடாதீர்கள். முதலில் மேசையைப் பிடித்து அவர்களையும் குழந்தைகளையும் அமர்த்திவிட்டு, தாங்களும் கணவரும் மாறி மாறிச் சென்று எடுத்துவாருங்கள். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் அதிகம் என்பதால் பஃபேயில் இந்திய உணவுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கியிருப்பார்கள். ஒரு நாள் இட்லி சாம்பார், மறுநாள் உப்புமா, இன்னொரு நாள் பூரி கிழங்கு என்று மாறிவரும். இன்ன நாளில் இன்னது என்று உறுதி சொல்ல முடியாது. சட்னியில் காரம் குறைவாக இருக்கும், சாம்பாரில் சற்று இனிப்புத் தட்டும். குழந்தைகளுக்கு அதுவே வசதி.

அந்தப் பகுதியோடு நின்றுவிடாமல் சீன உணவு வைத்திருக்கும் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள். அங்கே ஒரு பெரிய பாத்திரத்தில் குழைய வேகவைத்த வெள்ளைக் கஞ்சி இருக்கும்; மேலே வைத்திருக்கும் அட்டையில் 'காஞ்ஜி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அந்தச் சொல் நம் 'கஞ்சி'யேதான். தமிழிலிருந்து போர்த்துகீசியர் வாயிலாக ஆங்கிலத்துக்குப் போய், கிழக்காசிய அரிசிக் கஞ்சிக்கு ஆங்கிலப் பெயராக நிலைத்துவிட்டது. அருகே சிறு கிண்ணங்களில் இஞ்சித் துருவல், வெங்காயத் தாள், வறுத்த நிலக்கடலை, உப்பிட்ட முட்டை, சில நாள் நெத்திலி ஆகியவை இருக்கும். இரண்டரை வயதுக் குழந்தைக்கு அந்தக் கஞ்சியில் ஒரு கரண்டி எடுத்து, வெறும் தயிரைக் கலந்து, துளி உப்பிட்டுக் கொடுத்துப் பாருங்கள். தயிர்ச்சாதத்துக்கு மிக நெருக்கமான ஒன்று கேட்காமலே கிடைத்துவிடும். ஆனால் எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: அரிசியைத் தண்ணீரில் வேகவைத்தார்களா, கோழிச் சாற்றில் வேகவைத்தார்களா? இரண்டு வழக்கமும் உண்டு. நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

மாமியாரைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி கேட்கும் பழக்கம்தான் முக்கியம். 'வெஜிடேரியன்' என்ற சொல்லுக்குக் கப்பல் சமையலறையில் முட்டையும் சேர்த்தே பொருள் கொள்வார்கள். பான்கேக், வாஃபிள், பிரெஞ்சு டோஸ்ட், மஃபின் இவற்றிலெல்லாம் முட்டை உண்டு. பளபளக்கும் ரொட்டி வகைகளின் மேற்பூச்சிலும் இருக்கும். பழச் சுவையூட்டிய சில தயிர்களில் ஜெலட்டின் சேர்ப்பதுண்டு, அது விலங்கிலிருந்து வருவது. ஜப்பானியர்களுக்காக வைக்கும் மிசோ சூப் பார்வைக்குச் சைவமாகத் தோன்றினாலும் அதன் அடிச்சாறு பொதுவாக மீனில் எடுப்பது. ஆகவே 'சைவம்' என்று மட்டும் சொல்லாமல், 'பால், தயிர், நெய், வெண்ணெய் உண்போம். முட்டை, மீன், இறைச்சி, அவற்றின் சாறு, ஜெலட்டின் உண்ணமாட்டோம்' என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதிக் கொடுங்கள். இந்த வாசகத்தைத் தங்கள் பயண முகவர் மூலம் இப்போதே பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். கப்பலேறிய முதல் நாள் மாலை ஹெட் வெயிட்டரிடம் நேரில் மறுபடியும் சொல்லுங்கள். கரையில் பதிந்த குறிப்பு கப்பல் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பி இருந்துவிடுவது நல்லதல்ல. நான் ஹெட் வெயிட்டராக இருந்தபோது, நேரில் வந்து சொன்ன குடும்பத்தின் பெயரைத்தான் இரவு உணவு முடிந்ததும் மறுநாளுக்கான சமையல் குறிப்பில் முதலில் எழுதுவேன். வெங்காயம், பூண்டு இல்லாமல் வேண்டுவோருக்கும் இதே வழிதான்.

தங்கள் மகளின் தயிர்ச்சாதத்துக்கும் இதுவே பதில். பயணிகள் கப்பல்களின் சமையலறைகளில் இந்தியச் சமையற்காரர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். குழைந்த சோறும் வெறும் தயிரும் அவர்களுக்கு ஒரு வேலையே அல்ல. ஆனால் அந்த நிமிடத்தில் கேட்டால் கிடைக்காது, முந்தைய வேளையில் சொல்லிவைத்தால் கிடைக்கும். என் மேசைக்கு ஒரு முறை மதுரையிலிருந்து வந்த தாயும் மூன்று வயதுப் பெண் குழந்தையும் அமர்ந்தார்கள். இரண்டு இரவு அந்தக் குழந்தை ரொட்டியின் ஓரத்தை மட்டும் கடித்துவிட்டுத் தூங்கிப்போனது. அந்தத் தாய் கூச்சப்பட்டு ஒன்றுமே கேட்கவில்லை. நானாகத் தமிழில் பேச்சுக் கொடுத்தபிறகுதான், 'இங்கே போய்த் தயிர்சாதம் கேட்க முடியுமா அண்ணா' என்றார். மறுநாள் காலை, சூப்புக்கு வைக்கும் சிறிய வெள்ளைக் கிண்ணத்தில், கையால் மசித்ததுபோல் குழைந்த சோறும் தயிரும், ஓரத்தில் தோல் சீவிய வெள்ளரித் துண்டுகளுமாகக் கொண்டுவந்து வைத்தேன். குழந்தை கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையாலேயே எடுத்து உண்டது. கேட்கக் கூசாதீர்கள் என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் இன்றும் நான் சொல்வதற்கு அந்தக் குழந்தையின் முகம் ஒரு காரணம்.

எலக்ட்ரிக் குக்கரை எடுத்துச் செல்லக் கூடாது. கெட்டில், இஸ்திரிப்பெட்டி போன்ற சூடேற்றும் கருவிகளும் தீ அபாயம் கருதித் தடைசெய்யப்பட்டவை. ஏறும்போது பெட்டியைச் சோதித்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டில் சமைத்த உணவும் அனுமதிக்கப்படுவதில்லை. ஆலையில் அடைத்து முத்திரையிட்ட, கெட்டுப்போகாத பொட்டலங்களைக் கொண்டுசெல்லலாம். வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் ஆகிவிடும் உப்புமா, கடையில் வாங்கிய பருப்புப்பொடி, குழந்தை வழக்கமாக உண்ணும் பிஸ்கட் ஆகியவற்றில் இரண்டிரண்டு போதும். வெந்நீர் பஃபேயில் எந்நேரமும் கிடைக்கும். பாலும் கிடைக்கும், ஆனால் குழந்தையின் புட்டியை நேராகக் குழாயில் வைத்துப் பிடிக்காதீர்கள், கோப்பையில் பிடித்து அதிலிருந்து ஊற்றிக்கொள்ளுங்கள். புட்டியின் வாய் குழாயில் பட்டால் கிருமி அடுத்தவருக்குப் போகும் என்பதால் அங்கே அதை அனுமதிப்பதில்லை. மாமனார் மாமியார் காபிப் பிரியர்கள் என்றால், கப்பல் காபி நீர்த்திருக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். உடனடிக் காபித்தூள் பொட்டலம் சிலவற்றைக் கொண்டுபோய், பரிமாறுபவரிடம் சூடான பால் கேட்டுக் கலந்துகொண்டால் அவர்களுடைய காலைப்பொழுது நல்லபடி தொடங்கும்.

பினாங்கைப் பற்றி ஒரு வார்த்தை. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம். குவீன் தெருவில் 1833-ஆம் ஆண்டில் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. அதைச் சுற்றிய தெருக்களில் தமிழ்ச் சைவ உணவகங்கள் இருக்கின்றன. மாலையில் அங்கே தோசையோ இட்லியோ உண்டால் மாமியார் மனம் நிறைந்து திரும்புவார். ஆனால் அன்று எட்டு மணிப் பந்தி இருப்பதை நினைவில் வைத்து டிபனை அளவாக முடித்துக்கொள்ளுங்கள். கப்பலிலிருந்து பழமோ சாண்ட்விச்சோ எடுத்துக்கொண்டு கரையிறங்க வேண்டாம். துறைமுகங்களில் அதற்கு அனுமதி இல்லை.

மூன்றாம் நாள் புக்கெட். அறைக்கு வரவழைக்கும் காலை உணவு அன்றைக்கு உதவும். பெரிய கப்பல்கள் அங்கே கரையைத் தொடாமல் பட்டோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு நிற்கும். சிறு படகுகளில்தான் கரைக்கு அழைத்துச் செல்வார்கள். படகுக்கான சீட்டு, சுற்றுலா வாகனம் என்று காலையிலேயே நேரம் குறித்துவிடுவார்கள். எட்டரைக்குக் கிளம்ப வேண்டுமானால் தங்கள் பிள்ளைகளுக்கு அது வீட்டு நேரம் காலை ஆறு. பதினான்காம் தளத்துக்கு லிஃப்ட் பிடித்துப் போய், கூட்டத்தில் இடம் தேடி, திரும்பி வந்து கிளம்புவது நடக்காத காரியம். முந்தைய இரவே, கதவில் தொங்கவிடும் அட்டையிலோ கப்பலின் கைப்பேசிச் செயலியிலோ ஏழு, ஏழரை என்று நேரம் குறித்து, கார்ன்ஃப்ளேக்ஸ், பால், டோஸ்ட், ஜாம், பழம், பழச்சாறு, காபி என்று இந்த எளிய காலை உணவைக் கேட்டுவிடுங்கள்; இந்த நிறுவனத்தின் கப்பல்களில் இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. முட்டைப் பொரியல், சாண்ட்விச் போன்ற மற்ற அறை உணவுகளுக்கு ஒவ்வொரு முறையும் சேவைக் கட்டணம் உண்டு. பிள்ளைகள் படுக்கையில் உட்கார்ந்தபடியே பால் குடித்துக்கொண்டிருக்க, தாங்கள் அவர்களுக்குச் சட்டை மாட்டிவிடலாம்.

அன்று ஒரு குழப்பம் நேரக்கூடும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கரையின் சிக்னல் கிடைத்ததும் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பலின் கடிகாரம் மாற்றப்படுகிறதா இல்லையா என்பதை அன்றைய நிகழ்ச்சித் தாளில் அறிவித்திருப்பார்கள். உணவுக்கூடம், படகு இரண்டுமே கப்பல் நேரப்படிதான் நடக்கும். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்து மாமனாரின் கையில் கட்டிவிடுங்கள். மாத்திரை நேரத்துக்கும் அது உதவும்.

மாத்திரை பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு கப்பலில், அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் அறையிலேயே சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு உணவுக்கூடத்துக்கு வந்தார். லிஃப்டுக்குப் பத்து நிமிடம், வாசலில் வரிசை, மேசை கிடைத்தபின் சமைத்துவர இருபது நிமிடம் என்று முக்கால் மணி கடந்துவிட்டது. தட்டு வரும் நேரத்தில் அவருக்கு நெற்றி வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறத் தொடங்கியது. ஆரஞ்சுச் சாறு ஒரு டம்ளர் கொடுத்துத் தேற்றி, மருத்துவ அறைக்கு அழைத்துப்போனோம். நல்லவேளையாகச் சற்று நேரத்தில் தெளிந்துவிட்டார். அன்றிலிருந்து நான் எல்லாப் பெரியவர்களிடமும் சொல்வது, மாத்திரையை அறையில் போடாதீர்கள், பையில் எடுத்துவாருங்கள், உணவு கண்ணெதிரே வந்தபின் போடுங்கள் என்பதுதான். மாமனாருடைய மாத்திரையை உணவுக்குச் சற்று முன்னால் போட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், பஃபேயில் தட்டை எடுத்துவந்து மேசையில் வைத்துக்கொண்டு அந்த நேரத்தைக் கணக்கிடுங்கள். இரண்டரை மணி நேர மாற்றத்தில் எந்த வேளை மருந்தை எப்போது எடுப்பது என்பதை, குறிப்பாக இன்சுலினும் இருந்தால், கிளம்பும் முன் அவருடைய மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதை நான் சொல்வது முறையல்ல. அறையில் உள்ள சிறு குளிர்பெட்டி பானங்களுக்கானது, அதன் குளிர்ச்சியை மருந்துக்கு நம்ப முடியாது. இன்சுலினுக்குத் தனிக் குளிர்பெட்டி வேண்டும் என்பதையும் பதிவிலேயே கேட்டுவிடலாம்.

நான்காம் நாள் முழுக்கக் கடல். அதற்குள் உடம்பு ஓரளவு கப்பல் நேரத்துக்கு வந்திருக்கும். அன்று கீழ்த்தளத்துப் பெரிய உணவுக்கூடத்தில் காலை உணவு கொள்ளுங்கள். துணி விரித்த மேசை, கையில் மெனு, தட்டேந்தி நடக்கும் வேலை இல்லை. மாமனாரும் மாமியாரும் நான்கு நாளில் நிம்மதியாக அமர்ந்து உண்ணும் காலை அதுவாகத்தான் இருக்கும். வெளியே கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே ஜன்னல்கள் இருப்பதால், பேரனுக்கு அலையைக் காட்டிக்கொண்டே தாத்தா ஓட்ஸ் கஞ்சி உண்ணலாம். ஒன்பது மணிக்குள் போய் அமர்ந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. இங்கேயும் இந்திய உணவு வேண்டுமானால் முந்தைய இரவே ஹெட் வெயிட்டரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

செலவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன மூன்று இடங்களிலும் உணவு, குடிநீர், சாதாரணக் காபி, தேநீர், பால், காலை வேளையில் வைக்கும் பழச்சாறு எல்லாம் கட்டணத்தில் அடங்கியவை. பாட்டில் தண்ணீர், குளிர்பானம், அப்போதே பிழியும் சாறு, எஸ்பிரெஸோ வகைக் காபி ஆகியவற்றுக்குத் தனிப் பணம். டிப்ஸ் நாள் கணக்கில், குழந்தைகள் உட்பட ஒவ்வொருவருக்கும், தலைக்குச் சுமார் 18 அமெரிக்க டாலர் என்ற அளவில் கணக்கில் ஏறும். ஆறு பேருக்கு நான்கு இரவு என்றால் அது சிறிய தொகை அல்ல, இப்போதே ஒதுக்கிவையுங்கள். இத்தாலிய உணவகம், ஜப்பானிய உணவகம் என்று தனிக் கட்டணம் வாங்கும் இடங்கள் பல உண்டு. நான்கே இரவு, அதிலும் சைவப் பெரியவர்களோடு செல்லும் குடும்பத்துக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. மூன்று வயது நிரம்பிய குழந்தைகளுக்கு விளையாட்டுக் கூடம் இலவசம் என்பதால், பகல் வேளையில் மகனை அங்கே விடலாம். மகளுக்கு வயது போதாது. அவளுக்கு ஹை சேர் வேண்டும் என்பதைப் பதிவில் எழுதச் சொல்லுங்கள்.

கடைசி நாள் காலையில்தான் பலர் திண்டாடுகிறார்கள். பெரிய பெட்டிகளை முந்தைய இரவே அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். அவற்றை இனிச் சிங்கப்பூர் முனையத்தில்தான் பார்ப்பீர்கள். அறையையும் சீக்கிரம் காலி செய்யச் சொல்வார்கள், அன்று அறைக்கு உணவு பெரும்பாலும் வராது, கப்பலில் உள்ள அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பதினான்காம் தளத்துக்கு ஏறுவார்கள். தாங்கள் ஏழரைக்கெல்லாம் கைப்பைகளோடு கீழே இறங்கி, பெரிய உணவுக்கூடத்துக்குச் செல்லுங்கள். இறங்கும் வாசலும் அதற்குப் பக்கத்துத் தளங்களில்தான் இருக்கும். மாமனாருடைய மாத்திரைகள், ஒரு பிஸ்கட் பொட்டலம், மகளுக்கு ஒரு மாற்று உடை ஆகிய மூன்றும் பெரிய பெட்டிக்குள் போய்விடாமல் தங்கள் தோள்பையிலேயே இருக்கட்டும்.